பன்னிரண்டில் ஒன்று

காசி ஒரு கத்தியைக் கையில் எடுத்தால் முதலில் அதன் கூர்மையைப் பார்க்கமாட்டான். பிடி வரவேண்டிய முனையை இடது கையின் இரண்டு விரல்களுக்கு நடுவே, எலிக்குஞ்சின் வாலைப் பிடிப்பதுபோல, பிடித்தும் பிடிக்காமலும் தொங்கவிடுவான். காதருகே கொண்டுபோய், வலது ஆள்காட்டி விரலின் நகத்தால் நடு உடம்பில் ஒரே ஒரு சுண்டு. பிறகு கண்ணை மூடிக்கொள்வான். நல்ல கத்தி என்றால் மெல்லிய கம்பிபோல ஓர் ஒலி கிளம்பி, நீண்டு, எங்கே முடிந்தது என்று சொல்லமுடியாத இடத்தில் முடியும். உள்ளே எங்காவது வெடிப்பு இருந்தால் ஒலி பாதியிலேயே விழுந்து செத்துவிடும்.

இந்தப் பழக்கம் பட்டறையோடு நிற்கவில்லை. டீக்கடையில் கண்ணாடி டம்ளரைச் சுண்டுவான். கல்யாணப் பந்தியில் பரிமாறுகிறவர் பாயசத்தோடு காத்திருக்க, எவர்சில்வர் கிண்ணத்தைக் காதில் வைத்துக்கொண்டிருப்பான். மனைவி மேகலா இதை வைத்தே அவனை ஓட்டித் தீர்ப்பாள். சமைத்துக்கொண்டிருக்கும்போதே சாம்பார்க் கரண்டியை அவனைப்போலவே தொங்கவிட்டு, கண்ணை இறுக மூடி, ஒரு சுண்டு சுண்டி, "ம்ம்... இது தேறும் மாமா, பெங்களூருக்கு பார்சல் போட்டுடு" என்பாள்.

காசிக்கு இருபத்தாறு வயது. மாதனூருக்குப் பக்கத்தில், நெடுஞ்சாலையிலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு. ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்துவிட்டு, ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் மெயின்டனன்ஸ் ஆளாக நான்கு வருடம் இருந்தான். மேகலாவைப் பார்த்தது அங்கேதான். அவள் ஸ்கைவிங் டேபிளில் வேலை செய்தாள். ஷூவின் மேல்தோலை மடித்துத் தைப்பதற்கு முன்னால் அதன் ஓரத்தைச் சீவி மெலிதாக்க வேண்டும். நேரான ஓரங்களை மிஷின் சீவிவிடும். வளைவும் மூலையும் கைக்கத்திக்குத்தான் அடங்கும். கம்பெனி கொடுத்த கத்தி மதியச் சாப்பாட்டுக்குள் மழுங்கிப்போகிறது என்று தினமும் வந்து சண்டை போட்டாள். "இத்த வெச்சி வெண்ணெயகூட வெட்ட முடியாதுண்ணா." அப்போது அண்ணா என்றுதான் கூப்பிட்டாள். இன்று அதை நினைவுபடுத்தினால் அடிக்க வருவாள்.

அவள் வாயை அடைக்கத்தான் அவன் முதல் கத்தியைச் செய்தான். தோல் பதனிடும் ஷாப்புகளில் தோலைச் சுரண்டிச் சீராக்கும் மிஷினின் உருளையில், முறுக்கிவிட்டதுபோல் சுற்றிப் பதித்த பிளேடுகள் இருக்கும். தேய்ந்ததும் கழற்றி இரும்புக் கடைக்குப் போட்டுவிடுவார்கள். அதில் ஒரு துண்டை வாங்கி, நெருப்பில் காட்டி முறுக்கை நிமிர்த்தி, போனில் வீடியோ பார்த்துப் பார்த்துச் சூடேற்றி எண்ணெயில் தோய்த்து, சாணை பிடித்துக் கொடுத்தான். அந்தக் கத்தி மூன்று நாள் கூர் தாங்கியது. டேபிள் முழுக்க எனக்கு ஒன்று, உனக்கு ஒன்று என்றார்கள். பிறகு சமையல் கத்திகள் செய்து இன்ஸ்டாகிராமில் படம் போட்டான். பெங்களூரில் ஒரு ஓட்டல்காரர் இரண்டு வாங்கினார். அவரைப் பார்த்து இன்னும் நான்கு பேர். கல்யாணமான அடுத்த வருடம் வேலையை விட்டான். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, பழைய லாரி பிரேக் டிரம்மில் உலை வைத்தான். ஊரே சிரித்தது. "கம்பெனி வேலைய வுட்டுட்டு கத்தி செய்ய போய்ட்டான்யா." மேகலா மட்டும் சிரிக்கவில்லை, அவளுக்கு அதற்கென்று கரண்டி இருந்தது.

அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. சமையல் கத்தி மாதத்துக்கு மூன்று போனால் அதிகம். பேர் சொல்லும்படி ஒரு நிரந்தர வேலை வேண்டுமென்றால் அது கம்பெனியிலிருந்துதான் வரவேண்டும். ஸ்கைவிங் பகுதியின் சூப்பர்வைசர் ஜியாவுல்லா பாய் ஒருநாள் கூப்பிட்டனுப்பினார்.

"பன்னெண்டு கத்தி செஞ்சி குடு. ஒரு டேபிளுக்கு. ஒரு மாசம் ஓட்டிப் பாக்குறேன். நல்லா இருந்தா மூணு யூனிட்டுக்கும் உன் கத்திதான், நான் பேசுறேன்" என்றார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "ஆனா ஒண்ணு. இந்த வேலை குனிஞ்சினு செய்யிற வேலை. கத்திக்கும் கண்ணுக்கும் ஒரு ஜாண்தான். ஒண்ணு உடைஞ்சி எவ கண்ணுலயாவது பட்டுச்சின்னு வெச்சிக்கோ, என் வேலை போவும், உன் பேரு போவும், அவ கண்ணு போவும். மூணுல எது பெருசுன்னு நீயே பாத்துக்க."

செவ்வாய்க்கிழமை காலை கத்திகள் வேண்டும் என்றார். ஞாயிற்றுக்கிழமை மேகலாவுக்கு லீவு. அவளும் கூட இருந்தாள். பன்னிரண்டு கத்திகளையும் தோய்க்க வேண்டும். இதுதான் வேலையிலேயே பயமான கட்டம். செக்கச்செவேலென்று பழுத்த இரும்பை எண்ணெயில் இறக்கும்போதுதான் அது கத்தியாகிறது. பதம் தவறினால் அதே நொடியில் வெடித்தும் போகிறது. வெடித்தால் சத்தம் வரும். பெரிய சத்தமில்லை. பல்லிடுக்கில் மிளகு கடிபடுவதுபோல, 'டிக்'. உலகத்தில் கத்தி செய்கிறவன் எவனும் கேட்க விரும்பாத சத்தம் அது ஒன்றுதான்.

வழக்கமாக ஒன்றொன்றாகத் தோய்ப்பான். அன்று கரி குறைவாக இருந்தது; மேற்கே மழை மூட்டம் கட்டிக்கொண்டு நின்றது. இரண்டிரண்டாக இடுக்கியில் கோத்து இறக்கினான். அவன் எண்ணெயிலிருந்து எடுத்து நீட்ட, மேகலா வாங்கி மரத்தூள் தட்டில் புதைத்து எண்ணெயை ஒற்றினாள். மூன்றாவது தடவையா, நான்காவது தடவையா, எண்ணெய் புகைந்து சீறிய அந்தச் சந்தடிக்கு நடுவே அவனுக்குக் கேட்டது.

டிக்.

கை அப்படியே நின்றது. காற்றுக்குக் கொட்டகைத் தகரமும் அடித்துக்கொண்டிருந்தது. தகரமாக இருக்கும். உலைக்கரி வெடித்திருக்கும். மேகலாவைப் பார்த்தான். அவள் தலை நிமிரவில்லை. மரத்தூளைக் கத்திகள்மேல் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். உனக்குக் கேட்டதா என்று கேட்க வாயெடுத்தான். கேட்டால் அது நடந்ததாகிவிடும். வாயை மூடிக்கொண்டு அடுத்த ஜோடியை உலையில் வைத்தான். முடித்துவிட்டுத் தட்டைத் துழாவியபோது பன்னிரண்டும் ஒன்றோடொன்று கலந்து கிடந்தன. எது எந்தத் தடவை இறங்கியது என்று அந்தச் சாமிக்குத்தான் தெரியும்.

வெடிப்பைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. கத்தியை மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்து, சாக்பீஸ் தூளைப் பூசி வைத்தால், வெடிப்புக்குள் ஒளிந்திருக்கும் எண்ணெய் கசிந்து மயிரிழைபோல ஈரக்கோடு விழும். காசி அதையும் செய்தான். ஆனால் நேரம் மிச்சம் பிடிக்க முதலில் சாணை பிடித்துவிட்டு, அதற்குப் பிறகு செய்தான். பன்னிரண்டிலும் கோடு விழவில்லை. அப்பாடா என்று உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. சாணைக்கல் இரும்பை இழுத்துத் தேய்க்கும்போது வெடிப்பின் வாய் மூடிக்கொள்ளும். கோடு விழாதது வெடிப்பு இல்லாததாலா, வாய் அடைத்ததாலா?

நகத்தால் சுண்டிப் பார்த்தான். ஐந்தாவது கத்தி மந்தமாக ஒலித்தது. மறுபடி சுண்டினான், ஐந்தாவது நன்றாக இருந்தது, ஒன்பதாவது மந்தம். மூன்றாம் சுற்றில் எல்லாமே மந்தமாகக் கேட்டன. பயம் காதில் புகுந்துவிட்டால் கோயில் மணியும் ஓட்டாஞ்சில்லாகத்தான் கேட்கும். வேறு செய்யப் பிளேடும் இல்லை, நாளும் இல்லை. திங்கட்கிழமை பிடிக்குத் தோல்வார் சுற்றி முடித்தான். செவ்வாய் காலை மேகலா அத்தனையையும் துண்டில் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு கம்பெனி பஸ் ஏறினாள். கேட்டில் ஜியாவுல்லா பாய் சொல்லிவைத்திருந்தார்.

அன்று முதல் காசி உலை பற்றவைக்கவில்லை. பெங்களூர்க் கத்தி ஒன்று பாதியில் கிடந்தது, தொடவில்லை. போன் அடித்தால் முதலில் நம்பரைப் பார்ப்பான். கம்பெனியின் நம்பரிலிருந்து ஒருமுறை வந்தது. எடுக்கக் கை வராமல் மூன்றாவது தடவைதான் எடுத்தான். அவனுடைய பழைய பி.எஃப். விஷயம். பேசிய பெண் "சார், லைன்ல இருக்கீங்களா?" என்று இரண்டு முறை கேட்டாள். நெடுஞ்சாலையில் ஆம்புலன்ஸ் ஆம்பூர்ப் பக்கமிருந்து வேலூரை நோக்கிக் கத்திக்கொண்டு போனால், சத்தம் தேயும்வரை சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பான். சாயங்காலம் பஸ் நிற்கும் இடத்துக்கு அரைமணி முன்னதாகவே போய்விடுவான். மேகலா இறங்கினால் முதலில் அவள் கண்கள், பிறகு கைகள், பிறகுதான் முகம். அவளுக்குப் பின்னால் இறங்கும் பெண்களின் கண்களையும் எண்ணுவான்.

"இன்னா மாமா, ஆள எடுத்துனு போக வர்றியா, கணக்கெடுக்க வர்றியா?" என்றாள் ஒருநாள்.

"சும்மாதான். கத்தி எப்டி?"

"பிரமாதம். அக்தரி அக்கா நீல நூல் சுத்திட்டாங்க. இனிமே அத எவளும் தொட முடியாது."

டேபிளில் அது வழக்கம். கத்தி கைக்குப் பிடித்துவிட்டால், தையல் பிரிவிலிருந்து ஆளுக்கொரு நிறத்தில் நூல் வாங்கிப் பிடியில் சுற்றிக்கொள்வார்கள். சுற்றிய பிறகு அது கம்பெனிக் கத்தி இல்லை, அவளுடைய கத்தி. கடன் கேட்டால்கூடத் தரமாட்டார்கள். மேகலா சிவப்பு நூல். பன்னிரண்டு நிறங்களையும் காசி மனப்பாடமாகக் கேட்டு வைத்துக்கொண்டான். எந்த நிறத்தில் அந்த டிக் இருக்கிறது என்று, சோறு தின்னும்போதும் சுற்றிச் சுற்றி வந்தது.

ஒன்பதாம் நாள் சாயங்காலம் மேகலா பஸ்ஸிலிருந்து இறங்கியபோது அவள் இடது புருவத்தின்மேல் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது.

காசி கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடினான். "இன்னாது? இன்னாது அது?"

"அய்ய, ஏன் கத்துற? காலையில டிரைவர் சடன் பிரேக் போட்டான். முன் சீட்டு கம்பி இடிச்சிட்டுது."

"காட்டு."

"காட்டறதுக்கு இன்னா இருக்குது, நோட்டீஸ் போர்டா? அக்தரி அக்கா கழுவி ஒட்டிவுட்டாங்க. வா, பசிக்குது."

கம்பிதான் என்று மனம் ஆறியது. ஆறிய அடுத்த கணமே மறுபடி கணக்குப் போட்டது. ஒரு விரல்கடை கீழே பட்டிருந்தால் கண். கம்பிக்கே இப்படி என்றால் கத்திக்கு? பன்னிரண்டு ஜோடிக் கண்கள். அதில் ஒரு ஜோடி தன் வீட்டில் தன்னோடு உட்கார்ந்து சாப்பிடுகிறது. யூனிட்டும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று தோன்றியது.

மறுநாள் காலை அவளிடம் சொல்லாமல் அடுத்த பஸ்ஸில் ஆம்பூர் போனான். கேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டு உள்ளே போனபோது ஜியாவுல்லா பாய் சிரித்தார். "இன்னா காசி, மாப்பிள்ளை மாதிரி வந்து நிக்கிற?"

"கத்தியெல்லாம் ஒருதரம் எடுத்துனு போய் சாணை புடிச்சி தர்றேன் பாய்."

"கூரே போவலியே, எதுக்குச் சாணை? ஒரு பேஜாரும் இல்லாம ஓடுது."

பொய் அவ்வளவு தூரம்தான் வந்தது. "பாய்... பன்னெண்டுல ஒண்ணு சரியில்லன்னு நினைக்கிறேன்."

அவர் சிரிப்பு போய்விட்டது. "நினைக்கிறியா, தெரியுமா?"

"தெரியல. தோய்க்கும்போது ஒரு சத்தம் கேட்டுச்சி. வெடிப்பு சத்தம் மாதிரி."

"அன்னிக்கே ஏன் சொல்லல?"

"தகரம் அடிச்ச சத்தம்னு நினைச்சிக்கினேன் பாய்."

"பத்து நாளு" என்றார் ஜியாவுல்லா பாய். குரலை உயர்த்தவில்லை, அதுதான் தாங்கமுடியவில்லை. "பத்து நாளா பன்னெண்டு பொம்பளைங்க அதும்மேல குனிஞ்சினு இருந்தாங்க. நான் டேபிள் டேபிளா போய், நம்ம பையன் கத்தின்னு பெருமை பேசினு இருந்தேன்." எழுந்தார். "வா. நீயே வாங்கிக்க."

டேபிளில் மேகலா அவனைப் பார்த்ததும் சீவுவதை நிறுத்தினாள். அவள் கையில் கம்பெனியின் பழைய கத்தி இருந்தது. மற்றவர்கள் தரமாட்டோம் என்றார்கள். வரிசையில் மூத்தவரான அக்தரி பேகம் நீல நூல் கத்தியை முந்தானைக்குள் வைத்துக்கொண்டார். "அரே, குடுக்கமாட்டேன் போ தம்பி. என் கை இப்பத்தான் இதுக்குப் பழகியிருக்குது. எதுனா எடுத்துனுதான் போவணும்னா உன் பொஞ்சாதிய எடுத்துனு போ. அவ வாயி ஜாஸ்தி, எங்களுக்கும் நிம்மதி."

டேபிளே சிரித்தது. ஜியாவுல்லா பாய் சிரிக்கவில்லை என்று கண்டதும் அடங்கியது. ஒவ்வொன்றாகக் கத்திகள் வந்தன. பச்சை, மஞ்சள், வெள்ளை, கடைசியில் நீலம். பதினொன்று.

"உன்னுது?" என்று மேகலாவைக் கேட்டார் பாய்.

"காணோம் பாய்" என்றாள் அவள். "நேத்து டேபிள் மேலதான் வெச்சேன்."

"கத்தி காணாமப் போவுமா?"

"வெட்டுத்துண்டு மூட்டையோட போயிருக்கும் பாய்" என்றார் அக்தரி பேகம். "நேத்து லாரி வந்துதுல்ல."

பாய் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு காசியிடம், "நான் சொல்றவரைக்கும் இந்தப் பக்கம் வராத" என்றார்.

வீட்டுக்கு வந்த கையோடு காசி ஒவ்வொரு கத்தியாக வைஸின் இரும்புத் தாடையில் கடித்துவைத்து, இரும்புக் குழாயை மாட்டி, உடையும்வரை வளைத்தான். உடைந்த வாயைப் பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடும். நல்ல இரும்பின் உடைசல் மாவை அழுத்தி வைத்ததுபோல ஒரே சீரான சாம்பல் நிறம். தோய்க்கும்போதே வெடித்திருந்தால் அந்த இடத்தில் எண்ணெய்க் கறுப்பு ஏறியிருக்கும். பச்சை சுத்தம். மஞ்சள் சுத்தம். வெள்ளை சுத்தம். ஒவ்வொன்று சுத்தமாக உடையும்போதும் ஒரு பெண்ணின் கண் தப்பியது என்று சந்தோஷப்பட வேண்டியவன், அடுத்ததை வைஸில் வைக்கத் தயங்கினான். மீதி இருப்பவற்றில்தானே அது இருக்கிறது. பதினொன்றாவதாக நீலம் உடைந்தது. அதுவும் சுத்தம்.

அப்படியானால் சிவப்பு.

அல்லது சத்தம் தகரத்தினுடையதாக இருக்கலாம். ஆனால் அதை நம்ப இப்போது வழியில்லை. சிவப்பு நூல் சுற்றிய ஒரு கத்தி தோல்துண்டு மூட்டைக்குள் எங்கோ போய்க்கொண்டிருந்தது. துண்டுகளைக் கையால் பிரிக்கிற கிடங்கைத் தேடிப்போய், அங்கே இருந்த பெண்களிடம் சொல்லிவிட்டு, தானும் இரண்டு நாள் மூட்டைகளைக் கவிழ்த்துப் பார்த்தான். கிடைக்கவில்லை.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்திருக்கலாம்ல?" என்றாள் மேகலா.

"நீ பயப்படுவன்னு சொல்லல."

"ஓ. நான் பயப்படுவேனாக்கும்" என்றாள். சிரிக்கத் தொடங்கி, பாதியில் எழுந்து அடுப்படிக்குள் போய்விட்டாள்.

மூன்று மாதம் கழித்து ஜியாவுல்லா பாய் போன் செய்தார். அதற்குள் வேறொருவரிடம் வாங்கிய கத்திகள் மழுங்கித் தீர்ந்திருந்தன. "சரியில்லாதத மறைச்சி விக்கிறவன் நூறு பேரு இருக்கான். நீ லேட்டாவாவது வாயத் தொறந்த" என்றார். "மறுபடி பன்னெண்டு. இந்தத் தடவ ஒண்ணொண்ணுலயும் நம்பர் வெட்டு." காசி ஒன்றொன்றாகத் தோய்த்தான். கொட்டகைத் தகரத்தைக் கம்பி போட்டு இறுக்கிக் கட்டினான். சாணைக்கு முன்னால் சாக்பீஸ், சாணைக்குப் பிறகும் சாக்பீஸ். இப்போது ஒரு யூனிட் முழுக்க அவன் கத்திதான் ஓடுகிறது. மற்ற இரண்டைப் பற்றிப் பேச்சு நடக்கிறது. உலைக்குத் தனி புளோயர் வாங்கிவிட்டான். ஆனாலும் நெடுஞ்சாலையில் தோல்மூட்டை ஏற்றிய லாரி போனால் அவன் கண் அதன் பின்னாலேயே போகும். இன்றும் போன் மூன்றாவது தடவை அடிக்கும்போதுதான் எடுக்கிறான்.

போன பக்ரீத்துக்கு ஒரு வாரம் முன்னால் அக்தரி பேகம் ஆட்டோவில் கறிக்கத்திகளும் ஒரு வெட்டுக்கத்தியுமாக வந்து இறங்கினார். கம்பெனியை விட்டு நின்றுவிட்டார், முட்டி வலி. மேகலா வேலைக்குப் போயிருந்தாள். காசி சாணை பிடித்து முடித்து, வழக்கம்போல வெட்டுக்கத்தியைத் தொங்கவிட்டுச் சுண்டிக் கண்ணை மூடினான்.

அக்தரி பேகம் சிரித்தார். "இதே மாதிரிதான் அவளும். கண்ண மூடறதுகூட இதே மாதிரி."

"கரண்டியத்தானே தட்டுவா" என்றான் காசி.

"கரண்டியா?" என்றவர், அவன் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். "அப்போ இன்னும் உன்கிட்ட சொல்லலியா அவ?"

முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, அவன் கையிலிருந்த வெட்டுக்கத்தியை வாங்கித் துணியில் சுற்றினார். பிறகு சொன்னார். ஒன்பதாம் நாள் பஸ் டிரைவர் பிரேக் எதுவும் போடவில்லை. சிவப்பு நூல் கத்தி மூலை சீவும்போது முறிந்து, நுனி எகிறிப் புருவத்தில் இறங்கியது. அக்தரி பேகம்தான் குழாயடிக்கு இழுத்துப்போய்க் கழுவினார். முறிந்த வாயில் பாதி கறுப்பாக இருந்ததாம். இரண்டு துண்டையும் மேகலா டிபன் பாக்ஸில் மிச்சச் சோற்றுக்கு அடியில் வைத்து கேட்டைத் தாண்டி எடுத்துப்போனாள். யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று குர்ஆன்மேல் ஆணை கேட்டாளாம், இந்துப் பெண்.

அதற்கும் முன்னால், கத்திகள் வந்த அந்தச் செவ்வாய்க்கிழமை காலை, பஸ்ஸில் அக்தரி பேகம் அவளுக்குப் பக்கத்து சீட்டில் இருந்தார். மேகலா மடியில் துண்டை விரித்து, கத்திகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காதருகே தொங்கவிட்டு நகத்தால் சுண்டினாள். வண்டி இரைச்சலில் சில கத்திகளை இரண்டு மூன்று தடவை. ஏழாவது கத்தியில் நிறுத்தினாள். அதைத் தனியே எடுத்து, ஆம்பூர் வருவதற்குள் தன் துப்பட்டா ஓரத்திலிருந்து ஒரு சிவப்பு நூலை உருவி அதன் பிடியில் சுற்றிவிட்டாள்.